ஓராண்டுக்குப் பிறகு எத்தனை கிலோ?

எடைக் குறைப்பு விளம்பரங்களில் இரட்டைப் படம் தவறாமல் இருக்கும். இடப்பக்கம் தொப்பையும் தளர்ந்த முகமும். வலப்பக்கம் அதே ஆள், பழைய சட்டை தொளதொளக்க நிற்பார். கீழே ‘90 நாளில் 14 கிலோ’ என்றிருக்கும். இந்தப் படங்களில் பெரும்பாலானவை பொய்யல்ல என்றே நினைக்கிறேன். அந்த ஆள் உண்மையிலேயே இளைத்திருப்பார். ஆனால் அடுத்த ஆண்டு அதே மாதத்தில் எடுத்த மூன்றாவது படத்தை யாரும் போடுவதில்லை. பேலியோ, கீட்டோ, 16:8 விரதம், ஜிஎம் டயட் என்று வரிசைகட்டி வருபவற்றை எடைபோட அந்த மூன்றாவது படம்தான் வேண்டும்.

இந்த ஆரவாரம் நேற்று தொடங்கியதல்ல. லண்டனில் ஈமச்சடங்கு ஏற்பாடுகள் செய்யும் தொழில் நடத்திய வில்லியம் பான்டிங், தன் மருத்துவர் வில்லியம் ஹார்வி சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை விட்டுவிட்டு இளைத்த கதையை 1863இல் சிறு நூலாக அச்சிட்டார். அது பெரும் வரவேற்பைப் பெற்றது. 1972இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் ஏறத்தாழ அதே உணவைப் புரட்சி என்ற பெயரில் புத்தகமாக்கினார். 2002இல் லோரன் கார்டெய்ன் கற்கால மனிதனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பேலியோவைக் கொண்டுவந்தார். கீட்டோவுக்கோ எடையோடு தொடக்கத்தில் சம்பந்தமே இல்லை. வலிப்பு நோய்க்காக 1921இல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் முன்வைத்த சிகிச்சை உணவு அது. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: மாவுச்சத்தைக் குறை. டீன் ஆர்னிஷ் என்ற இன்னொரு அமெரிக்க மருத்துவர் நேர் எதிராக, கொழுப்பை அறவே குறைத்துத் தானியமும் பருப்பும் காய்கறியும் தின்னச் சொன்னார். அவரிடம் போனவர்களும் இளைத்தார்கள். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு உபதேசங்களும் பலிக்கின்றன என்றால், இரு தரப்பும் சொல்லும் காரணங்களில் சந்தேகம் வரத்தான் வேண்டும்.

தமிழில் பேலியோவுக்குத் தனிக் கதை உண்டு. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முகநூல் குழுக்கள் வழியாக அது பரவிய வேகத்தை வேறெந்த உணவுமுறையும் கண்டதில்லை. காலையில் நூறு பாதாம், மதியம் அரிசிக்குப் பதிலாகத் துருவிய காலிஃபிளவர், மாலையில் வெண்ணெய் போட்ட டீ, இரவில் வயிறு நிறைய இறைச்சியோ முட்டையோ, சைவர்களுக்குப் பனீர். தொடங்குவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். தன்னார்வலர்கள் காசு வாங்காமல் டயட் சார்ட் எழுதிக் கொடுத்தார்கள். தட்டில் என்ன இருக்கிறது, அதில் புரதம் எவ்வளவு என்று ஆயிரக்கணக்கான தமிழர்களை முதன்முறையாகக் கணக்குப் பார்க்கவைத்த பெருமை அந்தக் குழுக்களுக்கு உண்டு. இதை மறைத்துவிட்டுக் குறை பேசுவது நேர்மையாகாது.

குறை கோட்பாட்டில் இருக்கிறது. ஆதி மனிதன் தானியம் தின்னவில்லை, நம் உடலும் அதற்குப் பழகவில்லை என்பது பேலியோவின் அடித்தளம். ஆனால் ஏறத்தாழ 30,000 ஆண்டுப் பழமையான அரைக்கும் கற்களில் மாவுத் துகள்களை இத்தாலி, ரஷ்யா, செக் நாட்டு அகழ்விடங்களில் கண்டெடுத்து 2010இல் அறிவித்தார்கள். ஜோர்டானின் வடகிழக்கில் 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுப்பில் ரொட்டியின் கருகிய எச்சம் கிடைத்தது 2018இல் வெளியானது. விவசாயம் தொடங்குவதற்குச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் ரொட்டி சுட்டிருக்கிறான். தமிழ் பேலியோவின் பனீரும் வெண்ணெயும் கார்டெய்னின் பட்டியலிலேயே கிடையாது. அவர் பால் பொருள்களை விலக்கியவர். கற்காலத்தில் மாடு கறக்க ஆளேது? (வெண்ணெய் டீயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.)

கோட்பாடு பொய்யானால் சார்ட்டும் பொய்யாகிவிடாது. அது எப்படி இளைக்கவைக்கிறது? முதல் வாரத்தில் குறையும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசையும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமித்துவைக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் தங்கியிருக்கிறது. சோற்றை நிறுத்தினால் சேமிப்பு கரைகிறது, நீரும் வெளியேறுகிறது. எடை மெஷின் காட்டுவதைப் பார்த்து மனம் குளிர்கிறது. மீண்டும் இரண்டு நாள் சோறு தின்றால் அந்த இரண்டு கிலோ திரும்பிவிடும். அதைக் கொழுப்பு என்று நினைத்துக் கலங்கியவர்கள் பலர்.

அதற்குப் பிறகு குறைவது நிஜமான கொழுப்புதான். அங்கேயும் மந்திரம் ஏதுமில்லை. நூறு பாதாமில் ஏறத்தாழ 700 கலோரி. நான்கு இட்லியில் அதில் பாதிகூட இராது. அப்படியானால் காலை உணவு கூடித்தான் போயிருக்கிறது. இலாபம் மீதி நாளில் வருகிறது. புரதமும் கொழுப்பும் நிறைந்த வயிறு பதினோரு மணிக்கு வடையைத் தேடுவதில்லை. நாலு வேளை டீயில் போகும் எட்டுக் கரண்டி சர்க்கரை, மாலை பிஸ்கட், பரோட்டா, விருந்துக்குப் பின் ஐஸ்கிரீம் எல்லாம் ஒரே விதியில் அடிபட்டுப் போகின்றன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரைத் தங்கவைத்து நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. ஆலையில் தயாரான பாக்கெட் உணவைக் கொடுத்தபோது அதே ஆள்கள் நாளொன்றுக்கு 500 கலோரி கூடுதலாகத் தின்று, இரண்டு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ ஏறினார்கள். வீட்டுச் சமையல் போன்ற உணவுக்கு மாற்றியதும் அதே அளவு இறங்கினார்கள். பேலியோ, ஆர்னிஷ் இரண்டும் ஒத்துப்போகும் இடம் இதுதான்: இரண்டிலும் பாக்கெட் தீனிக்கு இடமில்லை.

இனி அந்த மூன்றாவது படம்.

அட்கின்ஸ் உணவை வழக்கமான குறைகலோரி உணவோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2003இல் வந்தது, 63 பேர். ஆறாம் மாதத்தில் அட்கின்ஸ் குழு தெளிவாக முன்னிலை: 7 சதவீத எடை குறைந்திருந்தது, மற்றவர்களுக்கு 3.2. பன்னிரண்டாம் மாதத்தில் இடைவெளி சுருங்கி, புள்ளியியல் கணக்கில் பொருட்படுத்தக்க வேறுபாடு இல்லாமல் போயிற்று. 2005இல் பாஸ்டனில் 160 பேரை நான்காகப் பிரித்து அட்கின்ஸ், ஜோன், வெயிட் வாட்சர்ஸ், ஆர்னிஷ் ஆகிய நான்கையும் மோதவிட்டார்கள். ஓராண்டு முடிவில் எல்லாக் குழுக்களும் சராசரியாக 2 முதல் 3.3 கிலோ குறைந்திருந்தன. மிகக் கடுமையான அட்கின்ஸிலும் ஆர்னிஷிலும் பாதிப்பேர் இடையிலேயே கழன்றுகொண்டார்கள். எடை எவ்வளவு குறைந்தது என்பதற்கும் எந்த டயட் என்பதற்கும் தொடர்பு இல்லை. எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள் என்பதோடுதான் தொடர்பு இருந்தது.

சிறிய ஆய்வுகள் என்று தள்ளிவிடலாம் என்றால், 2009இல் 811 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு இருக்கிறது. கொழுப்பும் புரதமும் மாவுச்சத்தும் வெவ்வேறு விகிதத்தில் அமைந்த நான்கு உணவுகள். ஆறு மாதத்தில் சராசரி 6 கிலோ குறைந்தது. இரண்டாண்டு முடிவில் ஏறத்தாழ 4 கிலோதான் மிஞ்சியது. நான்கிலும் அதே கதை. ஆலோசனைக் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்தவர்கள் அதிகம் இளைத்தார்கள் என்பது அந்த ஆய்வு கண்ட இன்னொரு செய்தி. அப்படியானால் தமிழ் முகநூல் குழுக்களின் வெற்றியில் பாதாமுக்கு எவ்வளவு பங்கு, தினமும் தட்டைப் படமெடுத்துப் போட்டுப் பாராட்டு வாங்கிய உறவுக்கு எவ்வளவு பங்கு என்று யோசிக்கத் தோன்றுகிறது. இரண்டாவதற்கே பெரிய பங்கு என்பது என் கணிப்பு.

2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 121 ஆய்வுகளை, ஏறத்தாழ 22,000 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பதினான்கு பிரபல டயட்டுகளை ஒன்றாக நிறுத்தியது. குறைமாவு உணவும் குறைகொழுப்பு உணவும் ஆறு மாதத்தில் நாலரை கிலோவை ஒட்டிக் குறைத்தன. ஓராண்டில் அந்தப் பலன் பெரும்பாலும் தேய்ந்திருந்தது. இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் கிடைத்த நன்மையும் மத்தியதரைக்கடல் உணவைத் தவிர மற்றவற்றில் ஏறக்குறைய மறைந்துபோனது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். 2007இல் 311 பெண்களிடம் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டஃபர் கார்ட்னர் நடத்திய ஆய்வில் அட்கின்ஸ் ஓராண்டில் 4.7 கிலோ குறைத்து, மற்ற மூன்றையும் முந்தியது. குறைமாவு ஆதரவாளர்கள் இதைச் சளைக்காமல் மேற்கோள் காட்டுவார்கள். சரி. அதே கார்ட்னர் 2018இல் இன்னும் பெரிதாக, 609 பேரை வைத்து மறுபடியும் பார்த்தார். இம்முறை இரு குழுவுக்கும் மைதா, சர்க்கரையை விடு, காய்கறியைக் கூட்டு என்ற பொதுவிதி. ஓராண்டில் குறைகொழுப்புக் குழு 5.3 கிலோ, குறைமாவுக் குழு 6 கிலோ. வேறுபாடு இல்லை என்றே முடிவு. இரண்டு ஆய்வுகளில் எதை நம்புவது? பெரியதும் தரம் சமமாக்கப்பட்டதுமான இரண்டாவதைத்தான்.

“ஆய்வுக்கு வந்தவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை, கடைப்பிடித்தால் பலன் தெரியும்” என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. கடைப்பிடித்தவர்கள் இளைத்திருக்கிறார்கள். மாத்திரையை விழுங்காதவருக்குக் காய்ச்சல் குறையவில்லை என்றால் மாத்திரையைப் பழிக்க முடியாது. ஆனால் மாத்திரை பத்து நாள் சமாச்சாரம்; டயட் வாழ்நாள் சமாச்சாரம். பாதிப்பேரால் ஓராண்டுகூட நீடிக்க முடியாத ஒன்றை எல்லோருக்கும் பரிந்துரைத்துவிட்டு, தோற்றவர்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று ஏசுவதில் நியாயமில்லை.

2018 ஆய்வில் சராசரிக்குப் பின்னால் மறைந்திருந்த செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு குழுவிலும் சிலர் 25, 30 கிலோ குறைந்திருந்தார்கள். சிலருக்கு எடை கூடியே இருந்தது. யாருக்கு எந்த உணவு ஒத்துவரும் என்று மரபணுவை வைத்தோ இன்சுலின் சுரப்பை வைத்தோ முன்கூட்டிச் சொல்ல முடிகிறதா என்றும் பார்த்தார்கள். முடியவில்லை. உமிழ்நீரை அனுப்புங்கள், உங்கள் ஜீனுக்கேற்ற டயட் தருகிறோம் என்று காசு கேட்பவர்களுக்கு இந்த ஆய்வில் கால் ஊன்ற இடமில்லை.

திரும்ப ஏறுவதற்கு மனஉறுதி இல்லாததுதான் காரணமா? உடல் வேறு சாட்சி சொல்கிறது. மெல்பர்னில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்தார்கள். சராசரி 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. ஓராண்டு கழித்தும் அவர்களின் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011இல் எழுதினார்கள். இளைத்த உடல், இழந்ததை மீட்கச் சொல்லி ஓராண்டாகப் பசியைத் தூண்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் சராசரி 58 கிலோ குறைத்த 14 பேரை ஆறாண்டு கழித்துப் பார்த்தபோது 41 கிலோ திரும்பியிருந்தது. ஓய்வில் அவர்கள் உடல் எரிக்கும் கலோரியோ எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு 500 குறைவு. வேகமாகக் குறைத்துவிட்டு விட்டுவிடும் எந்தத் திட்டமும் இந்த எதிர்விசையைக் கணக்கில் எடுப்பதில்லை.

விரதத்துக்கு வருவோம். ஏகாதசியும் சஷ்டியும் ரமலானும் கண்ட ஊருக்கு 16 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது புதிதல்ல. அதைத் தினசரி வழக்கமாக்கி ஆங்கிலப் பெயர் சூட்டியதுதான் புதிது. சீனாவின் குவாங்சோவில் 139 பேருக்கு ஒரே அளவு கலோரி கொடுத்து, பாதிப்பேரைக் காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். ஓராண்டில் அவர்களுக்கு 8 கிலோ, நேரக்கட்டு இல்லாதவர்களுக்கு 6.3 கிலோ. வேறுபாடு தற்செயலாக இருக்கலாம் என்பதே 2022இல் வந்த முடிவு. கலோரியை எண்ணத் தெரியாதவர்களுக்கும் எண்ணப் பிடிக்காதவர்களுக்கும் கடிகாரம் எளிய வேலி. செலவும் இல்லை, வீட்டில் தனிச் சமையலும் வேண்டாம். அதற்கு மேல் அதில் மருத்துவ அதிசயம் ஒன்றும் இல்லை.

ஜிஎம் டயட்டுக்கு ஒரு பத்தி அதிகம். ஏழு நாள் பழம், காய், வாழைப்பழமும் பாலும் என்று ஓட்டும் அந்தப் பட்டியலை ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஊழியர்களுக்காக உருவாக்கியது என்பதற்கு ஆதாரமே இல்லை. புரதம் குறைந்த ஒரு வாரத்தில் பெரும்பாலும் குறைவது நீரும் கொஞ்சம் தசையும்.

இத்தனைக்குப் பிறகும் தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் குறைமாவு உபதேசத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 30.9. மேலை நாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே நம் வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது என்பதால்தான் இந்தியர்களுக்கு 25 பிஎம்ஐயிலேயே உடற்பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். ஐசிஎம்ஆர் ஆதரவில் சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்திய நாடளாவிய ஆய்வு 2025இல் சொன்னது: இந்தியர் பெறும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமோ தானியத்திலிருந்து 45 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. அதே 2025 ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்தால் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. தினை, வரகு, சாமை என்று பெயர் மாற்றி அதே குவியலைத் தட்டில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

ஆகவே சோற்றின் அளவைப் பாதியாக்கி, முட்டை, மீன், பருப்பு, சுண்டல், காய்கறியைக் கூட்டுவது நமக்குப் பொருந்தும். அதற்கு ஆதி மனிதன் தேவையில்லை. சோற்றை அறவே துறக்கவும் வேண்டாம். தமிழ் வீடுகளில் கடும் டயட்டுகள் கவிழும் இடம் பெரும்பாலும் அடுப்படிதான். கணவருக்குக் காலிஃபிளவர், பிள்ளைகளுக்குச் சாதம், மாமியாருக்குக் கஞ்சி என்று மூன்று சமையல் செய்யும் பெண்ணின் உழைப்பு எந்த டயட் சார்ட்டிலும் ஏறுவதில்லை. அவருக்கே எடை குறைய வேண்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

எடைதான் ஒரே அளவுகோலா என்பதையும் சென்னை ஆய்வு ஒன்று கேள்விக்குள்ளாக்கியிருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடந்து, 2006இல் வெளியானது அது. உணவையும் நடையையும் மிதமாக மாற்றிக்கொண்டவர்களுக்கு மூன்றாண்டில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களின் சராசரி எடை பெரிதாக இறங்கவில்லை. எடை மெஷினை மட்டும் பார்ப்பவர் இதைத் தோல்வி என்று எழுதியிருப்பார்.

கடுமையான உணவுக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் நீரிழிவு நோயாளிகளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரிக்குள் சில மாதங்கள் வைத்து, பிறகு உணவைப் படிப்படியாகத் திருப்பிய ஆய்வில், ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினர் மாத்திரை இல்லாமலேயே நீரிழிவிலிருந்து விடுபட்ட நிலையில் இருந்தார்கள். ஆனால் அங்கே மருந்துகளை நிறுத்தவும் பின்தொடரவும் செவிலியரும் உணவு ஆலோசகரும் இருந்தார்கள். அது சிகிச்சை, யூடியூப் பார்த்துத் தொடங்கியது அல்ல.

என் தீர்ப்பு இது. மூன்று மாதத்தில் இளைக்கவேண்டும் என்றால் இவற்றில் ஏறக்குறைய எதுவும் இளைக்கவைக்கும். அதில் ஏமாற்று இல்லை. ஓராண்டு, ஈராண்டுக் கணக்கில் எதற்கும் தனிமகிமை நிரூபணமாகவில்லை, மிஞ்சுவது சராசரியாக மூன்று நாலு கிலோ. அசைவம் சாப்பிடுபவர்களுக்குப் பேலியோ நல்ல தொடக்கம், கற்காலக் கதையையும் ஆயுள் சந்தா மனநிலையையும் கழற்றிவிட்டால். 16:8 பாதகமற்றது, மலிவானது. கீட்டோ, மருத்துவர் அருகில் இல்லாமல் வேண்டாம். ஜிஎம் டயட் எதற்கும் உதவாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் இவற்றில் எதைத் தொடங்குவதானாலும், சோற்றை நிறுத்துவதற்கு முன்பே மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். பழைய அளவு மருந்தும் புதிய தட்டும் சேர்ந்தால் சர்க்கரை அளவு ஆபத்தான தாழ்வுக்கு இறங்கிவிடக்கூடும்.